அவிழ்க்காமல் விட்ட கல்யாண ஃப்ளெக்ஸ்

படப்பிடிப்பில் ஏதாவது கோளாறு என்றதும் உங்கள் கை முதலில் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறேன், தம்பிகளா. தங்கச்சிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்போது நீங்களும் மேனேஜர் வேலைக்கு வருகிறீர்கள், சந்தோஷம். கை நேரே போனுக்குப் போகிறது. சென்னையைக் கூப்பிட்டு, “சார், ஒரு சின்ன பிரச்சனை” என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு நம்ம ஊர்ப் பிரச்சனை எல்லாமே சின்னதுதான். எதிரே நிற்கிற ஆளுக்கு அது எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டியது நீங்கள். அதற்குத்தான் நமக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அனுமதி எப்படி வாங்குவது, ஜெனரேட்டர் வண்டியை எங்கே நிறுத்துவது என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. அதெல்லாம் நாலு படம் வேலை பார்த்தால் தானாக வந்துவிடும். திண்டுக்கல் பக்கம் எந்தப் படக்குழு வந்தாலும் இடம் பார்த்துக் கொடுத்து, ஊர்க்காரர்களைச் சமாளித்துப் பிழைத்தவன் நான். முட்டி தேய்ந்துபோய் இப்போது வீட்டோடு இருக்கிறேன். தானாக வராத ஒரு விஷயத்தைச் சொல்ல ஒரே ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். “பேர மட்டும் மாத்திச் சொல்லுங்க சார், மத்ததெல்லாம் நடந்ததுதானுங்களே” என்றாள். அதனால் கௌசல்யா என்று வைத்துக்கொள்வோம். ஊர் சித்தையன்கோட்டைப் பக்கத்தில் ஒன்று, அது போதும்.

படம் ஒரு காமெடிப் படம். கல்யாணமான ஒருத்தன் வீட்டுக்குத் தெரியாமல் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் பார்த்து, இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழிக்கிற கதை. கதை கேட்கும்போது நானே விழுந்து விழுந்து சிரித்தேன். அதில் ஒரு காட்சி. கல்யாணம் ரகசியக் கல்யாணம். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கூட்டாளிகளிடம் சத்தியம் வாங்கியிருப்பான். நம்ம பக்கத்துப் பயல்களுக்கு ஃப்ளெக்ஸ் வைக்காமல் கல்யாணம் ஏது? ஒருத்தன் கூலிங் கிளாஸோடு, ஒருத்தன் காதில் போனோடு, தங்கள் மூஞ்சியைக் கீழே வரிசையாகப் போட்டு, பேருந்து நிறுத்தத்தில் பெரிதாக வாழ்த்து ஃப்ளெக்ஸ் கட்டிவிடுவார்கள். முதல் மனைவி பேருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பாள். தியேட்டரே அதிரும் என்று இயக்குநர் நம்பிக்கொண்டிருந்தார். சென்னைப் பையன், முதல் படம். நல்ல பையன்தான்.

ஃப்ளெக்ஸ் அடிக்கும் வேலையைக் கலை இயக்குநரின் உதவியாளன் திண்டுக்கல்லில் ஒரு கடையில் கொடுத்தான். கதாநாயகன் போட்டோ கொடுத்தாயிற்று. இரண்டாவது கதாநாயகி அப்போது வந்து சேரவில்லை. பெண் படம் அப்புறம் தருகிறோம், இப்போதைக்கு மாதிரி போட்டு அனுப்பு என்று சொல்லியிருக்கிறான். கடையில் டிசைன் செய்கிறவர் தன் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்றைத் திறந்து, மாப்பிள்ளையை வெட்டிவிட்டு நம்ம கதாநாயகனை அந்த இடத்தில் ஒட்டி, பேரை மாற்றி அனுப்பிவிட்டார். நம்ம உதவியாளன் போனில் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்துவிட்டு, சூப்பர் என்று பதில் போட்டான். அவ்வளவுதான், அதையே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே கட்டியாயிற்று. “அந்தப் பொண்ணு யாருப்பா?” என்று மறுநாள் கேட்டபோது அவன் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. “சும்மா ஒரு பொண்ணு சார்.” சும்மா ஒரு பொண்ணு என்று உலகத்தில் யாருமே கிடையாது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வெளிச்சம் வந்ததும் கேமரா வைத்தாயிற்று. வாடகைக்கு எடுத்த பேருந்து தயாராக நின்றது. அப்போது திண்டுக்கல் போகிற டவுன் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் மட்டும் இறங்கினாள். கையில் டிபன் பை, தோளில் ஹேண்ட்பேக், கடைச் சீருடைச் சேலை. இறங்கினவள் நகரவில்லை. ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வேடிக்கை பார்க்கிற பெண் என்று நினைத்து, ஃப்ரேமுக்குள் நிற்காதீர்கள், தள்ளிப் போங்கள் என்று ஓர் உதவி இயக்குநர் கத்தினான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“போறேனுங்க. மேல இருக்கறது நானுங்க.”

கத்தவில்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டு மறுபடியும் மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். அதே முகம்தான். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, கொஞ்சம் சின்ன வயது, ஆனால் அதே முகம்.

பேருந்தில் எல்லோரும் தன்னையே பார்ப்பது ஏறினதிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, என்னம்மா, மறுபடியும் கல்யாணமா என்று கேட்டாராம். ஒன்றும் புரியாமல் வந்தவள், ஜன்னல் வழியாக இதைப் பார்த்து இறங்கிவிட்டாள். எங்கள் காட்சியில் முதல் மனைவி செய்ய வேண்டியதை இவள் நிஜமாகச் செய்துகொண்டிருந்தாள்.

அவளிடம் பேச்சுக் கொடுப்பதற்குள் அவள் போன் அடித்தது. புருஷன். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. யாரோ ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டு, அது ஊர்க் குரூப் எல்லாம் சுற்றி அவனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கதாநாயகன் புதுமுகம், இது சினிமா என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்ற வழியே இல்லை. “ஏனுங்க, நான் சொல்றத ஒரு நிமிசம்...” என்று இவள் ஆரம்பித்தாள். அவன் வைத்துவிட்டான். திருப்பிக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

“வீட்டுப் படி ஏறக் கூடாதாமுங்க. புள்ளையத் தர மாட்டாங்களாமுங்க” என்றாள் என்னிடம். இரண்டு வயது நிறையாத பெண் குழந்தை. மாமியாரிடம் விட்டுவிட்டுத்தான் தினமும் திண்டுக்கல்லுக்கு வருவாள். ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. அம்மா வீடு பழனிப் பக்கம், பாலசமுத்திரம். பக்கத்தில் ஓடிவர அவளுக்கென்று ஆள் கிடையாது.

இயக்குநர் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. உடனே அவிழ்த்துவிடுங்கள், ஒரு நிமிடம்கூட அது இருக்கக் கூடாது என்றார். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். லைட் ஆள் ஒருவர் கம்பத்தில் பாதி ஏறிவிட்டார்.

“அவுக்காதீங்க” என்றாள் கௌசல்யா.

எல்லோரும் நின்றுவிட்டோம்.

“அவுத்துட்டா நான்தான் அவுக்கச் சொன்னேன்னு ஆயிருமுங்க. அவரு வந்து பாக்கட்டும். பாத்தப்பறம் என்ன வேணாலும் பண்ணிக்குங்க.”

இங்கேதான் நான் உங்களை நிறுத்தப் பார்க்கிறேன். இயக்குநர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அந்தப் பெண் அதிர்ச்சியில் என்னமோ பேசுகிறது, அதைக் கேட்டுக்கொண்டு நிற்பீர்களா, ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துவிட்டுப் போகிறதே என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வத்தலக்குண்டு பஸ் ஒன்று போனது. ஜன்னலோரம் இருந்த அத்தனை தலையும் மேலே பார்த்துவிட்டுக் கீழே இவளைப் பார்த்தன. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்றான் இன்னொருத்தன். போலீஸ் வந்தால் நமக்குப் பாதுகாப்பு, சரி. அந்தப் பெண் ஸ்டேஷன் வாசலில் நின்றால் அதையும் நாலு பேர் படம் பிடிப்பார்கள், அப்புறம் அவள் அந்த வீட்டுக்குள் எப்படிப் போவாள்? வேண்டாம் என்றேன். ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறவருக்குப் போன் போட்டு அசல் படத்தைக் கேட்டேன். கடை இன்னும் திறக்கவில்லை, சாவி முதலாளியிடம் இருக்கிறது என்றார். கையில் ஒரு ஆதாரமும் கிடையாது.

நான் யோசித்தது இவ்வளவுதான். ஃப்ளெக்ஸை இறக்கினால் நம்ம படபடப்பு இறங்கும். போன் போனாகப் போன படம் எங்கேயும் போகாது. அவள் ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறாள். அது எனக்குப் புரியவில்லை. முகம் அவளுடையது, வாழ்க்கை அவளுடையது. நமக்குப் புரியவில்லை என்பதற்காக அவள் பேச்சைத் தள்ளிவிட முடியுமா? கம்பத்தில் இருந்தவரை இறங்கச் சொன்னேன். இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கே என் வேலை போயிருக்க வேண்டும். நான் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

செத்த நேரத்தில் ஒரு லோடு வேன் சீறிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவன்தான் புருஷன். மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி லோடு ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவன். பக்கத்தில் அவன் அம்மா, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பின்னால் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் குதித்து இறங்கினார்கள். அதற்குள் பேருந்து நிறுத்தத்திலும் ஊர் கூடிவிட்டது.

மணி பெண்டாட்டியைப் பார்க்கவே இல்லை. நேராக ஃப்ளெக்ஸைப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. நான் முன்னால் போய், தம்பி, இது சினிமா, தப்பு எங்களுடையது என்று ஆரம்பித்தேன். அதற்குள் இயக்குநர் உள்ளே புகுந்தார். நல்ல எண்ணத்தில்தான். “சார், கோபப்படாதீங்க, இது ஒரு காமெடி சார்” என்றார்.

போச்சு. அந்த வார்த்தையை மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. நமக்கு அது படத்தின் வகை. அவனுக்கு அது அவன் குடும்பத்தின் மேல் காறித் துப்பின மாதிரி. “எது காமெடி? எங்க குடும்பம் உங்களுக்குக் காமெடியாய்யா?” என்று இயக்குநரின் சட்டையைப் பிடித்துவிட்டான். பிடித்த வேகத்தில் பட்டன் எல்லாம் தெறித்தது. கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது.

இத்தோடு விட்டதா? யாரோ ஒரு புத்திசாலி, கதாநாயகனைக் கொண்டுவந்து காட்டினால் நடிகர் என்று நம்பிவிடுவார்கள் என்று நினைத்து, கேரவனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறான். கதவு திறந்தது. நம்ம ஆள் இறங்கி வருகிறார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம், கழுத்தில் நிலக்கோட்டை ரோஜாவில் கட்டின மாலை. ஃப்ளெக்ஸில் இருந்த மாப்பிள்ளை அப்படியே நடந்து வருகிறார். அதோடு என்ன கலவரம் என்று தெரியாமல் எல்லோருக்கும் கும்பிடு வேறு.

“ஏலே, மாப்பிள்ளையே வந்துட்டான்டா” என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னதுதான் தாமதம், மணி இயக்குநரை விட்டுவிட்டுப் பாய்ந்தான். எனக்கு அப்போது முட்டி நன்றாக இருந்தது. நடுவில் போய் விழுந்தேன். மாலை அவன் கைக்குப் போனது, என் சட்டை கிழிந்தது, கன்னத்தில் ஒன்று விழுந்தது. கதாநாயகனை இழுத்துப் போய் கேரவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். பயம்தான். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் விளக்கம் சொல்கிற நேரம் முடிந்துவிட்டது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்த நிலைமையில் நாம் எவ்வளவு உண்மை பேசினாலும் அது தப்பிக்கிற பேச்சாகத்தான் கேட்கும்.

“தம்பி, என்னை அடிக்கிறதுன்னா அடி, நான் எங்கயும் ஓடிற மாட்டேன்” என்றேன். “ஆனா அந்தப் பொண்ணு உங்கிட்ட என்னமோ சொல்லணும்னுதான் இம்புட்டு நேரமா நிக்குது. அத ஒரு தடவ கேட்டுரு.”

“கேக்க என்னய்யா இருக்கு? எம் பொண்டாட்டி தோள்ல கையப் போட்டு நிக்கிறான். இம்புட்டுப் பெருசா வச்சிருக்கீக, எனக்குக் கண்ணு தெரியாதா?”

உண்மைதான். ஃப்ளெக்ஸில் அவள் தோளில் ஒரு கை இருந்தது. பின்பக்கமாகச் சுற்றி வந்து அந்தப் பக்கத் தோளைப் பிடித்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது பக்கத்தில் நிற்கிற கதாநாயகனின் கைதான்.

கௌசல்யா அப்போதுதான் அவன் பக்கத்தில் வந்தாள்.

“அந்தக் கையத்தான் பாக்கச் சொல்றேனுங்க. சுண்டுவிரலப் பாருங்க.”

அவன் பார்த்தான். கூட்டமே பார்த்தது. நானும் அப்போதுதான் கவனித்தேன். நாலு விரலும் நேராக இருந்தன. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. மணி, கையில் இருந்த மாலையைக் கீழே விட்டான். தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். கல்யாணத்துக்கு முன்பே வேன் கதவில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரல்.

“அது உங்க கைங்க. நம்ம கல்யாணத்துல எடுத்த போட்டோங்க. உங்க கூட்டாளிங்க வச்ச ஃப்ளெக்ஸுங்க” என்றாள். “ஆள வெட்டுனவங்க கைய வெட்ட மறந்துட்டாங்க.”

யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். இதற்காகத்தான் அவிழ்க்காதே என்றிருக்கிறாள். அதை நாங்கள் இறக்கி மடித்திருந்தால் அவளுக்கு இருந்த ஒரே சாட்சியையும் நாங்களே சுருட்டியிருப்போம். போனில் சுற்றின படத்தில் அந்த விரல் தெரிந்திருக்காது.

மணிக்கு முகம் செத்துப்போய்விட்டது. அப்போதே சொல்வதற்கு என்ன என்று முணுமுணுத்தான். போனை வைத்துவிட்டீர்களே என்றாள் அவள். அத்தோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். இயக்குநர் பெருமூச்சே விட்டுவிட்டார். மாமியார் முன்னால் வந்தார்.

அந்த அம்மா வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மருமகளை மட்டும் பார்த்துப் பேசினார்.

“இந்தா, கம்ப்யூட்டருல எத வேணா வெட்டுவாக, எத வேணா ஒட்டுவாக. அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஆத்தா ஒருத்திதேன். சூடத்த அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிரு. அப்புறம் எவ வாயத் தொறந்தாலும் நான் பாத்துக்கிறேன்.”

நிறுத்தத்தை ஒட்டியே முத்தாலம்மன் கோயில். நம்ம பக்கம் தெரியுமே, திருவிழாவுக்குத்தான் மண்ணில் அம்மனைச் செய்து கொண்டுவருவார்கள். மற்ற நாளில் உள்ளே வெறும் பீடம்தான். ஆனால் அந்தப் பீடத்துக்கு முன்னால் சூடத்தைக் கையால் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்ய இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. இயக்குநருக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பே செய்யாத பெண் எதற்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்று கிளம்பினார். நான் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு மட்டும் பிடித்திருந்ததா என்ன? நானே அந்த அம்மாவிடம் போய், தப்பு எங்கள் பக்கம், நான் அணைக்கிறேன் அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். “ஏப்பா, உன் சத்தியம் எனக்கு எதுக்கு? நீயா எங்க வீட்ல வந்து வாழப் போற?” என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

கௌசல்யா டிபன் பையைக் கீழே வைத்தாள்.

“பண்றேன் அத்தே. ஆனா நான் மட்டும் பண்ண மாட்டேன். அவரும் பண்ணட்டும். ஒட்டன்சத்திரம் லோடுன்னு வாரத்துல பாதி நாளு வீட்டுக்கே வர்றதில்ல. எங்க இருந்தீங்கன்னு ஒரு நா கேட்டிருப்பனுங்களா? இன்னிக்குக் கேக்கறேன்.”

கூட்டத்தில் ஆம்பிளைகள் சிலர் முனகினார்கள். மாமியார் மகன் பக்கம் திரும்பக்கூட இல்லை. “அதுக்கென்ன, பண்ணுவான். எம்மவன் பண்ணுவான்” என்றார். அவ்வளவு நம்பிக்கை.

பீடத்துக்கு முன்னால் தட்டில் சூடம் ஏற்றினார்கள். கௌசல்யா குரல் நடுங்காமல், என் புருஷனைத் தவிர வேறு ஒருத்தரையும் நான் நினைத்ததில்லை என்று சொல்லி, உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சூடம் அணைந்தது. மாமியார் தன் கையாலேயே இன்னொரு கட்டியை வைத்துப் பற்றவைத்தார். “வாப்பு, அணைச்சிட்டு வா, வீட்டுக்குப் போவோம்” என்றார்.

மணி நின்றான். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எதுக்கும்மா என்றான். அணைச்சிட்டு வா என்றார் அம்மா மறுபடியும். ஒரு எட்டு முன்னால் வைத்தான். கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. பீடத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அம்மா மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூடம் தானாக எரிந்து தீர்ந்து தட்டில் கருப்பாய் ஒரு தடம் மட்டும் மிச்சமானது. அங்கே நின்ற சின்னப் பிள்ளைக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவன் யாரோடு, எங்கே என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை.

அவன் விறுவிறுவென்று போய் வேனை எடுத்தான். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள். மாமியாரை யாரும் ஏற்றவில்லை. அந்த அம்மா ரோட்டோரமாக நின்று, யாரையும் பார்க்காமல், வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

கௌசல்யா நிழற்குடையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் உட்கார்ந்தாள். காஸ்ட்யூம் பகுதியில் இருந்த ஒரு அம்மாவை அவள் பக்கத்தில் இருக்கச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். இப்போது அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவிழ்த்து, அவள் முகம் உள்பக்கமாகப் போகிற மாதிரி மடித்தோம். திண்டுக்கல் பஸ் ஒன்று வந்தது, அவள் ஏறவில்லை. பழனிக்கு இங்கிருந்து நேர் பஸ் உண்டா என்று கேட்டாள். குழந்தையை எப்படி வாங்குவது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தியம் செய்து ஜெயித்தவள் வீடும் பிள்ளையும் இல்லாமல் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு ஆற்றமாட்டாமல் இருந்தது. இதற்கெல்லாம் காரணம் நாம் அடித்த ஒரு ஃப்ளெக்ஸ்.

இயக்குநர் என்னிடம் வந்தார். அவரும் கலங்கித்தான் போயிருந்தார். ஆனாலும் படக்காரர் அல்லவா, புத்தி அங்கேதான் போகும். அந்தச் சூடம் எரிகிற இடத்தை க்ளைமாக்ஸாக வைத்தால் எப்படி இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கேக்காம ஒரு தடவ அந்தப் பொண்ணு மூஞ்சிய எடுத்தோம். அது தெரியாம நடந்தது” என்றேன். “இத எடுத்தீங்கன்னா தெரிஞ்சே திருடுறது. வைக்கிறதா இருந்தா வேற மேனேஜரப் பாத்துக்குங்க.”

அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. படத்திலும் வைக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாமியார் இறங்கினார், இடுப்பில் குழந்தையோடு. கௌசல்யா ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மா பிள்ளையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். “நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிக்கறேன் அத்தே” என்றாள்.

“எதுக்கு நீ போற? அது அவன் கட்டுன வீடா? எங்க வீட்டுக்காரரு கட்டுனது. அவன் துணிமணிய எல்லாம் அள்ளி வாசல்ல வச்சிட்டுத்தேன் வாரேன்.” அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்தது. “ஆத்தா காட்டிக் குடுத்ததுக்கு அப்புறமும் நான் அவன் பக்கம் நின்னா என்ன மனுசி? ஏறு ஆட்டோவுல.”

கௌசல்யா மாமியாரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திண்டுக்கல் பஸ் வருகிற சத்தம் கேட்டது. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்து, அதை மறுபடியும் மாமியார் இடுப்பிலேயே வைத்தாள்.

“கடைக்கு இப்பவே நேரமாயிருச்சுங்க அத்தே. இவளப் பாத்துக்குங்க. சாயங்காலம் வாரேன்.”

டிபன் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். பஸ் கிளம்பும்போது மாமியார் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினார்.

“அம்மாவுக்கு டாட்டா சொல்லு.”